வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு: பணம் கட்டும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

அப்பா வீட்டில் இருந்த செம்புக் கம்பி லேண்ட்லைனை ஃபைபருக்கு, அதாவது ஒளி வழியாக இணையம் தரும் கண்ணாடி இழைக்கு மாற்றினோம். அடுத்து, நான் இருக்கும் வாடகை வீட்டுக்கும் புதிதாக ஃபைபர் இணைப்பு எடுத்தேன். இரண்டிலும் அலைச்சல்தான். யாரிடம் என்ன கேட்க வேண்டும், எதை எழுதி வாங்க வேண்டும் என்று முன்பே ஒருவர் சொல்லியிருந்தால் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும். முதல்முறை இணைப்பு எடுப்பவர்களுக்காக அதை வரிசையாக எழுதுகிறேன்.

இவ்வளவு பார்த்த பிறகு எனக்குத் தெளிவானது ஒன்றுதான். கண்ணாடி இழையில் கோளாறு அரிது. பெரும்பாலான தலைவலி தெருக் கம்பத்திலிருந்து உங்கள் அறை வரை வரும் கடைசித் துண்டு கேபிளிலும், வீட்டுக் கரண்டிலும்தான் இருக்கிறது. அந்த இரண்டையும் கவனித்துவிட்டால் ஃபைபரைப் போல நிம்மதியான இணைப்பு வேறு இல்லை.

1. உங்களுக்கு ஃபைபர் தேவைதானா?

முதலில் நன்மைகள். செம்புக் கம்பியில் வரும் டிஎஸ்எல் இணைப்பு, எக்ஸ்சேஞ்சிலிருந்து தூரம் போகப் போக வேகம் இழக்கும். மூன்று நான்கு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வீட்டில் வீடியோ பார்ப்பதே சிரமம். ஃபைபரில் ஒளி ஒரு கிலோமீட்டர் போனால் ஏறக்குறைய 0.35 டெசிபல் (ஒளியின் பலம் எவ்வளவு குறைகிறது என்று சொல்லும் அளவு) மட்டுமே குறைகிறது. அதனால்தான் வீடுகளுக்குத் தரும் ஜிபான் முறையில் 20 கிலோமீட்டர் வரை ஒரே தரத்தில் கொண்டுபோக முடிகிறது. ஊர்க்கோடியில் இருந்தாலும் எக்ஸ்சேஞ்ச் வாசலில் இருந்தாலும் வேகம் ஒன்றுதான்.

இரண்டாவது, இடி மின்னல். கண்ணாடியில் மின்சாரம் பாயாது. கோடை மழையில் ஒரு இடி இடித்தால் மோடம், டிவி, கம்ப்யூட்டர் என்று வரிசையாகக் கருகும் தொல்லை ஃபைபர் வழியாக வராது. (கரண்ட் லைன் வழியாக வரலாம். அது வேறு.) மூன்றாவது, அப்லோடு. பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பு, வீட்டிலிருந்து வேலை, சிசிடிவி ஆகிய மூன்றுக்கும் அப்லோடு வேகம்தான் முக்கியம். டிஎஸ்எல்லில் அது சொற்பம். நம் ஊர் ஃபைபர் திட்டங்கள் பலவற்றில் டவுன்லோடுக்குச் சமமாக அப்லோடும் கிடைக்கிறது.

இனி குறைகள். செம்புக் கம்பி அறுந்தால் இரண்டு முனையையும் முறுக்கி டேப் சுற்றிவிடலாம். ஃபைபர் அறுந்தால் இழையை ஒட்டும் ஸ்ப்ளைஸிங் மெஷினோடு ஆள் வர வேண்டும், அல்லது கேபிளையே புதிதாக இழுக்க வேண்டும். அதிகம் வளைத்தால் ஒளி வெளியே கசிந்துவிடும். கேபிள் அறுந்திருக்காது, ஆனால் நெட் விட்டு விட்டு வரும். பழைய லேண்ட்லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வரும், கரண்ட் போனாலும் போன் அடிக்கும். ஃபைபரில் அது கிடையாது. வீட்டில் கேபிள் வந்து சேரும் மோடம் பெட்டிக்குக் கரண்ட் இல்லையென்றால் நெட்டும் இல்லை, போனும் இல்லை. வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடு என்றால் இந்தக் குறையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 7-ஆம் பகுதியை முதலில் படியுங்கள்.

ஒரு ஆள் மட்டும் இருக்கும் வீடு, செல்போனில் கொஞ்சம் வீடியோ, மற்றபடி ஒன்றுமில்லை என்றால் மொபைல் டேட்டாவே போதும். மூன்று பேருக்கு மேல் இருந்தாலோ, வீட்டில் யாராவது லேப்டாப்பில் வேலை பார்த்தாலோ ஃபைபர் எடுங்கள் என்பேன்.

2. தெருவில் யாருடைய கேபிள் இருக்கிறது என்று பாருங்கள்

இணையதளத்தில் பின்கோடு போட்டால் "உங்கள் பகுதியில் சேவை உண்டு" என்று வரும். அதை நம்பி முன்பணம் கட்டாதீர்கள். பகுதியில் இருப்பது வேறு, உங்கள் தெருக் கம்பத்தில் ஸ்ப்ளிட்டர் பெட்டி (ஒரு இழையைப் பல வீடுகளுக்குப் பிரித்துத் தருவது) இருப்பது வேறு. அந்தப் பெட்டியில் காலி போர்ட் இருக்கிறதா என்பது இன்னும் வேறு. ஆள் வந்து பார்த்து "ஃபீசிபிள்" (இணைப்பு தர முடியும்) என்று சொன்ன பிறகு பணம் கட்டுவதுதான் சரி.

பிஎஸ்என்எல், ஜியோ, ஏர்டெல், ஆக்ட் போன்ற பெரிய நிறுவனங்கள் ஒருபுறம், உள்ளூர் கேபிள் டிவிக்காரர் நடத்தும் இணைப்பு மறுபுறம். நான் பெயரைப் பார்த்து முடிவு செய்வதில்லை. அதே தெருவில் மூன்று வீட்டில் கேட்பேன். கேட்க வேண்டியவை இரண்டு. இரவு ஒன்பது மணிக்கு வேகம் எப்படி இருக்கிறது? கடைசியாக லைன் கட் ஆனபோது எத்தனை நாளில் சரி செய்தார்கள்? சின்ன ஆபரேட்டரிடம் வேகம் கொஞ்சம் குறைவாக இருக்கலாம், ஆனால் அண்ணனுக்குப் போன் போட்டால் மாலைக்குள் வந்து நிற்பார். அதற்கு மதிப்பு உண்டு.

ஒன்பது மணி ஏன் முக்கியம்? ஜிபான் முறையில் ஒரு இழையில் ஓடும் சுமார் 2.5 ஜிபிபிஎஸ் வேகத்தை 32 அல்லது 64 வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. 64 வீடும் ஒரே நேரத்தில் முழு வீச்சில் இழுத்தால் ஒரு வீட்டுக்கு 39 எம்பிபிஎஸ்தான் தேறும். நடைமுறையில் அப்படி எல்லாரும் ஒரே நேரத்தில் இழுப்பதில்லை. சிக்கல் பெரும்பாலும் அதற்கும் மேலே, ஆபரேட்டர் வாங்கி வைத்திருக்கும் மொத்தக் கொள்ளளவு போதாமல் வரும். அந்தக் குட்டு வெளிப்படும் நேரம் இரவு எட்டிலிருந்து பத்து.

இங்கே இரண்டு பொறிகள் இருக்கின்றன.

முதலாவது, "ஏர் ஃபைபர்". பெயரில் ஃபைபர் இருந்தாலும் உங்கள் வீட்டுக்குக் கண்ணாடி இழை வராது. டவரிலிருந்து 5ஜி அலையை மொட்டைமாடி ஆன்டெனா பிடித்துத் தரும் இணைப்பு அது. கேபிள் வராத தெருவுக்கு அது நல்ல மாற்று. ஆனால் தெருவில் கேபிள் இருக்கும்போது அதை ஃபைபர் என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள்.

இரண்டாவது, அடுக்குமாடிக் குடியிருப்பு. கீழ்த்தளம் வரை ஃபைபர், அங்கே ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச் (லைனைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும் பெட்டி), அதிலிருந்து உங்கள் வீட்டுக்குச் சாதாரண லேன் வயர் என்று அமைத்திருப்பார்கள். கீழே இருக்கும் ஸ்விட்சுக்குக் கரண்ட் போனால், உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் பயனில்லை. மாடியில் ஓடும் லேன் வயர் செம்பு என்பதால் இடி பயமும் திரும்ப வந்துவிடும். "வீட்டுக்குள் வருவது ஃபைபரா, லேன் வயரா?" என்று நேரடியாகக் கேளுங்கள்.

கிராமத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை கொண்டுபோகும் பாரத்நெட் என்ற மத்திய அரசுத் திட்டத்தின் வேலையை டான்ஃபிநெட் என்ற மாநில அரசு நிறுவனம் செய்கிறது. ஊராட்சி அலுவலகத்துக்குக் கேபிள் வந்துவிட்டதாலேயே உங்கள் வீட்டுக்கு இணைப்பு கிடைத்துவிடாது. அங்கிருந்து வீடுகளுக்கு யார் இழுத்துத் தருகிறார்கள் என்பதை ஊரில் விசாரியுங்கள்.

3. ஆவணங்கள்

கேட்பது குறைவுதான், ஆனால் ஒன்று இல்லையென்றாலும் வேலை நின்றுவிடும்.

- ஆதார்.
- இணைப்பு வேண்டிய வீட்டின் முகவரிச் சான்று. ஆதாரில் அதே முகவரி இருந்தால் அதுவே போதும். இல்லையென்றால் வாடகை ஒப்பந்தம் அல்லது கேஸ் பில்.
- ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. பல இடங்களில் ஆளே வந்து போனில் எடுத்துக்கொள்கிறார்.
- ஓடிபி வரும் மொபைல் எண். விண்ணப்பதாரர் அந்த நேரத்தில் வீட்டில் இருக்க வேண்டும்.

ஆதார் நகல் கொடுப்பதாக இருந்தால் முதல் எட்டு இலக்கங்களை மறைத்த மாஸ்க்டு ஆதாரை ஆதார் இணையதளத்திலிருந்து எடுத்துக் கொடுங்கள். நகலின் குறுக்கே "இணைய இணைப்புக்காக மட்டும்" என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். நகலை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போகிறவர் அதை எங்கே வைப்பார் என்பது நம் கையில் இல்லை.

வாடகை வீடு என்றால் வீட்டு உரிமையாளரிடம் சுவரில் துளை போட முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். வாட்ஸப்பில் ஒரு வரி இருந்தாலும் போதும். அட்வான்ஸ் திரும்ப வாங்கும் நாளில் அது உதவும். அடுக்குமாடி என்றால் சங்கச் செயலாளரிடமும் சொல்ல வேண்டும். கேபிளோடு ஆள் வந்து நிற்கும்போது வாட்ச்மேன் உள்ளே விடாமல் திருப்பி அனுப்பியது எனக்கே நடந்தது.

லேண்ட்லைன் எண் விஷயத்தில் கவனம். அதே நிறுவனத்தில் செம்பிலிருந்து ஃபைபருக்கு மாறினால் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளக் கேட்கலாம். வேறு நிறுவனத்துக்கு மாறினால் எண் கூட வராது. மொபைலுக்கு இருக்கும் போர்ட்டிங் வசதி தரைவழி போனுக்கு இல்லை. பேங்க்கில், கேஸ் ஏஜென்சியில், சொந்தக்காரர்களிடத்தில் எல்லாம் அந்தப் பழைய எண் கொடுத்திருந்தால் முதலில் அவற்றை மாற்றிவிட்டு லைனை விடுங்கள்.

4. செலவுக் கணக்கு

விளம்பரத்தில் வருவது ஜிஎஸ்டி சேராத தொகை. 18 சதவீதத்தை நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள். மாதம் 499 ரூபாய் என்றால் கையிலிருந்து போவது 589. ஆறு மாதத்துக்குச் சேர்த்துக் கட்டச் சொன்னால் 3,533.

அதற்கு மேல் என்னென்ன வரும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள்: இன்ஸ்டலேஷன் கட்டணம், பெட்டிக்கான டெபாசிட், திரும்பக் கிடைக்காத ஆக்டிவேஷன் தொகை, குறிப்பிட்ட மீட்டருக்கு மேல் கேபிள் தேவைப்பட்டால் மீட்டருக்கு எவ்வளவு. "இன்ஸ்டலேஷன் இலவசம்" என்பது பெரும்பாலும் ஆறு மாதமோ ஒரு வருடமோ மொத்தமாகக் கட்டினால்தான். என் யோசனை இது. தெருவில் விசாரித்துத் திருப்தியாக இருந்தால் மட்டும் நீண்ட காலத்துக்குக் கட்டுங்கள். இல்லையென்றால் இன்ஸ்டலேஷனுக்குக் காசு போனாலும் பரவாயில்லை, முதலில் ஒரு மாதம் எடுத்துப் பாருங்கள். மொத்தமாகக் கட்டிவிட்டால் பிடிக்கவில்லை என்று வெளியே வருவது கஷ்டம்.

பெட்டி யாருடையது என்பதும் முக்கியம். டெபாசிட் கட்டி வாங்கினால் அது அவர்களுடையது, திருப்பிக் கொடுக்க வேண்டும். சொந்தமாக வாங்கச் சொன்னால், அதே பெட்டி வேறு நிறுவனத்தில் வேலை செய்யும் என்று நம்பி வாங்காதீர்கள். பல நேரம் செய்யாது.

"அன்லிமிடெட்" என்று எழுதியிருக்கும் இடத்தில் அடிக்குறிப்பைப் படியுங்கள். பல திட்டங்களில் மாதம் 3300 ஜிபி என்று வரம்பு உண்டு, அது தாண்டினால் வேகம் குறைந்துவிடும். சாதாரண வீட்டுக்கு 3300 ஜிபி தாராளம். மலிவுத் திட்டங்களில் வரம்பு இதைவிட மிகக் குறைவாக இருக்கும். அங்கேதான் மாத நடுவில் மாட்டிக்கொள்வீர்கள்.

எந்த வேகம் எடுப்பது? நான்கு பேர் வீட்டுக்கு 50 அல்லது 100 எம்பிபிஎஸ் போதும். 300-க்குப் போகாதீர்கள், அவசியமில்லை. பிறகு வேண்டுமென்றால் கேபிளை மாற்றாமலே திட்டத்தை மட்டும் உயர்த்திக்கொள்ளலாம். அது கண்ணாடி இழையின் பெரிய வசதி.

5. கேபிள் இழுக்கும் நாள்

அன்று வீட்டில் இருங்கள். இந்த ஒரு நாளில் நீங்கள் காட்டும் கவனம்தான் அடுத்த ஐந்து வருடம் பேசும்.

கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் டிராப் கேபிள் பெரும்பாலும் தட்டையாக, கறுப்பாக இருக்கும். உள்ளே ஒரு முடியளவு கண்ணாடி இழை, அதன் இருபுறமும் வலுவுக்கு இரண்டு கம்பி, தொங்கவிடத் தனியாக ஒரு இரும்புக் கம்பி. கண்ணாடியில் கரண்ட் பாயாது என்றாலும் இந்த இரும்பில் பாயும். எனவே தொங்கும் இரும்புக் கம்பியை வீட்டுக்கு வெளியே சுவரில் கட்டி அங்கேயே வெட்டிவிடச் சொல்லுங்கள். ஈபி சர்வீஸ் பைப்பில் கட்ட விடாதீர்கள். கேபிள் மரக்கிளையை உரசாமல், லாரி போகும் உயரத்துக்கு மேலே வர வேண்டும். மின்வாரியத்தார் கிளை வெட்டும்போது அறுபடுவதும், உயரமான லோடு லாரி இழுத்துக்கொண்டு போவதும்தான் தெருவில் அதிகம் நடப்பது.

சுவரில் துளை போடும்போது உள்ளிருந்து வெளியே சற்றுச் சரிவாகப் போடச் சொல்லுங்கள். நேராகப் போட்டால் மழைநீர் கேபிளைப் பிடித்துக்கொண்டு ஹாலுக்குள் இறங்கும். துளைக்கு வெளியே கேபிள் கொஞ்சம் கீழே தொங்கிப் பிறகு மேலேறி உள்ளே நுழைந்தால், தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும். வேலை முடிந்ததும் துளையை எம்சீல் வைத்து அடைத்துவிடுங்கள். பல்லியும் எறும்பும் வரும்.

உள்ளே, கேபிளைக் கூர்மையான மூலைகளில் மடக்கக் கூடாது. வளைவு ஒரு எலுமிச்சம்பழ அளவு உருண்டையாக இருந்தால் பயமில்லை. கதவு இடுக்கு, ஜன்னல் சட்டம், பீரோவின் பின்புறம் மூன்றும் ஆகாத இடங்கள். ஆணியை இறுக்கி அடித்து நசுக்காமல் கிளிப் போட்டு விடச் சொல்லுங்கள். பெட்டி இருக்கும் இடத்தில் இரண்டு மூன்று மீட்டர் கேபிளைச் சுருட்டி விட்டுவைக்கச் சொல்லுங்கள். நாளைக்கு முனை உடைந்தால் வெட்டிப் புதிதாகப் போட அந்த நீளம் வேண்டும். அது இல்லையென்றால் கம்பத்திலிருந்தே மறுபடி இழுக்க வேண்டியதுதான்.

முனையில் போடும் கனெக்டர் பச்சை என்றால் பெட்டியின் துளையும் பச்சையாக இருக்க வேண்டும், நீலம் என்றால் நீலம். பச்சையின் நுனி சற்றுச் சாய்வாகத் தீட்டப்பட்டது, நீலம் நேரானது. மாற்றிச் செருகினால் உள்ளே போகும், ஆனால் நடுவில் இடைவெளி விழுந்து ஒளி குறைந்துவிடும். நுனியைக் கையால் தொடாதீர்கள், விரல் பிசுக்கே ஒளியை மறைக்கும். நுனிக்குள் கண்ணை வைத்தும் பார்க்காதீர்கள். உள்ளே வரும் லேசர் கண்ணுக்குத் தெரியாத வகை.

குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் இதைக் கட்டாயம் செய்யுங்கள். கனெக்டர் போடும்போது வெட்டி எறியும் இழைத் துண்டுகள் கண்ணாடி ஊசிகள். மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு தடிமன்தான், தரையில் விழுந்தால் தெரியாது, காலில் ஏறினால் எடுப்பதும் கடினம். "தம்பி, துண்டுகளை டேப்பில் ஒட்டி எடுத்துடுங்க" என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். அவர் போன பிறகு தரையை ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியை அப்படியே குப்பையில் போட்டுவிடுங்கள். வெறுங்கையால் தடவிப் பார்க்காதீர்கள்.

பெட்டியை வாசல் ஓரத்தில் வைத்துவிட்டுப் போகத்தான் பார்ப்பார்கள், அவர்களுக்கு அதுதான் எளிது. ஃபைபர் எவ்வளவு நன்றாக வந்தாலும் வைஃபை சுவரைத் தாண்டித்தான் போக வேண்டும். வீட்டின் நடுவில், ஆள் உயரத்தில், ஃபிரிட்ஜுக்கும் இரும்பு பீரோவுக்கும் தள்ளி வைக்கச் சொல்லிப் பிடிவாதமாக நில்லுங்கள்.

6. ஆள் கிளம்பும் முன்

அவரிடம் பவர் மீட்டர் இருக்கும். வீட்டு முனையில் ஒளி எவ்வளவு வருகிறது என்று காட்டச் சொல்லுங்கள். எண் மைனஸில் வரும். மைனஸ் 15-லிருந்து மைனஸ் 24 டிபிஎம் (ஒளியின் பலத்துக்கான அலகு) வரை என்றால் நல்லது. மைனஸ் 27-ஐ ஒட்டியிருந்தால் பெட்டி இன்று வேலை செய்யும், கனெக்டரில் கொஞ்சம் தூசி சேர்ந்ததும் நின்றுவிடும். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் ஒளி பாதியாகக் குறைகிறது என்பதால் 24-க்கும் 27-க்கும் உள்ள வித்தியாசம் சின்னதல்ல. எண் மோசம் என்றால் கனெக்டரை மறுபடி போடச் சொல்லுங்கள். மீட்டர் கொண்டுவரவில்லை என்றால் பெட்டியின் செட்டிங்ஸ் பக்கத்தில் ஆர்எக்ஸ் பவர் என்ற இடத்தில் அதே எண் இருக்கும். பல பெட்டிகளில் 192.168.1.1 என்று போட்டால் அந்தப் பக்கம் திறக்கும். எண்ணைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் புகார் செய்யும்போது அதுதான் பேசும்.

வேகத்தை வைஃபையில் சோதிக்காமல் லேன் வயர் போட்டு லேப்டாப்பில் சோதியுங்கள். 100 எம்பிபிஎஸ் திட்டத்தில் ஒரு ஃபைல் நொடிக்கு 12 எம்பி வேகத்தில் இறங்கினால் சரியாக இருக்கிறது என்று பொருள் (எம்பிபிஎஸ் என்பது பிட் கணக்கு, எம்பி என்பது பைட் கணக்கு, எட்டு பிட் ஒரு பைட்). போனில் குறைவாகக் காட்டினால் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இருக்கிறீர்களா என்று பாருங்கள். 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறினால் பக்கத்தில் வேகம் கூடும், சுவர் தாண்டிப் போகும் தூரம் குறையும்.

வெளியூரிலிருந்து சிசிடிவி பார்ப்பவர்கள் ஐபி முகவரி பற்றிக் கேளுங்கள். பல நிறுவனங்கள் ஒரே ஐபியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து தருகின்றன. கேமராப் பதிவைச் சேமிக்கும் பழைய டிவிஆர் பெட்டிகளில் வெளியிலிருந்து நேரடியாக நுழைய அது விடாது. உங்களுக்கு மட்டுமான, மாறாத ஸ்டாட்டிக் ஐபிக்குத் தனிக் கட்டணம் உண்டு. கிளவுட் ஆப் வழியாகப் பார்க்கும் கேமரா என்றால் இந்தக் கவலை இல்லை.

7. கரண்ட் போனால்

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் பெட்டியை இன்வெர்ட்டர் லைன் வரும் பிளக்கில் போடுங்கள். முடிந்தது. கரண்ட் போகும் நொடியில் பெட்டி அணைந்து எழுந்தால் இன்வெர்ட்டரை யுபிஎஸ் மோடுக்கு மாற்றுங்கள்.

இன்வெர்ட்டர் இல்லாதவர்கள் ஆயிரம், இரண்டாயிரம் ரூபாயில் கிடைக்கும் ரூட்டர் யுபிஎஸ் வாங்கலாம். பெட்டியின் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்டேஜைப் பார்த்து அதே வோல்ட் வாங்குங்கள், பெரும்பாலும் 12 இருக்கும். ஆம்பியர் அடாப்டரில் இருப்பதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்க வேண்டும். அட்டையில் 8000 எம்ஏஎச் என்று பெரிதாகப் போட்டிருப்பது 3.7 வோல்ட் பேட்டரிக் கணக்கு, அதாவது சுமார் 30 வாட்-மணி. பெட்டி 8 வாட் எடுத்தால், வீணாவது போக மூன்று மணி நேரம் ஓடும். எட்டு மணி நேரம் என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள்.

இதற்கும் ஒரு எல்லை உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னைப் புறநகரில் பல இடங்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை, மொபைல் சிக்னலும் இல்லை. அந்த மாதிரி நேரத்தில் வீட்டு யுபிஎஸ் மட்டும் போதாது, ஆபரேட்டர் முனையிலும் மின்சாரம் இருக்க வேண்டும். இணைப்பு எடுக்கும்போதே அவர்களிடம் ஜெனரேட்டர் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் வேறு நிறுவன சிம் போட்ட ஒரு சாதாரண பட்டன் போனும் இருக்கட்டும்.

8. லைன் கட் ஆனால்

பெட்டியில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வரவில்லை. பெட்டியை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் வராது. கேபிள் எங்காவது மடங்கியிருக்கிறதா என்று வீட்டுக்குள் பாருங்கள், குறிப்பாகப் பொங்கலுக்கு வெள்ளையடித்த பிறகும், பீரோவை நகர்த்திய பிறகும். ஒளி வருவதைக் காட்டும் பான் (PON) விளக்கு நிலையாகப் பச்சையாக இருந்தும் நெட் இல்லையென்றால் கேபிளில் பெரும்பாலும் குறை இருக்காது. ரீசார்ஜ் முடிந்திருக்கும், அல்லது அவர்கள் பக்கத்தில் கோளாறு.

புகாரை லைன்மேனுக்கு மட்டும் போனில் சொல்லிவிட்டு விடாதீர்கள். கஸ்டமர் கேரிலோ ஆப்பிலோ பதிந்து டாக்கெட் எண் வாங்குங்கள். கேபிள் அறுந்து கிடந்த நாட்களுக்கான கட்டணக் கழிவு கேட்கவும், மேல்முறையீடு செய்யவும் அந்த எண் வேண்டும். டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதிப்படி நிறுவனங்களில் புகார் மையத்துக்கு மேலே மேல்முறையீட்டு அதிகாரி இருக்க வேண்டும், அவரிடம் போகக் கட்டணம் இல்லை. எனக்கு ஒருமுறை வாரக்கணக்கில் "நாளை வருவார்கள்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். மேல்முறையீடு போட்ட பிறகுதான் ஆள் வந்தார்.

மழைக்காலத்தில் மட்டும் நெட் தடுமாறினால் கம்பத்துப் பெட்டிக்குள் தண்ணீர் போகிறது என்று சந்தேகப்படுங்கள். ஒளியை மழை ஒன்றும் செய்யாது. "மழைன்னா அப்படித்தான் சார்" என்ற பதிலை ஏற்காமல், பெட்டியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

9. வீடு மாறும்போது

குறைந்தது இரண்டு வாரம் முன்பே சொல்லுங்கள். புதிய முகவரியில் அதே நிறுவனத்தின் கேபிள் இருந்தால் ஷிஃப்டிங் கேட்கலாம், அதற்குக் கட்டணம் உண்டா என்று முதலில் கேளுங்கள். இணைப்பையே விடுவதாக இருந்தால் ஆட்டோபேவை நிறுத்துங்கள், பெட்டியை அடாப்டரோடு ஒப்படையுங்கள், சீரியல் எண் எழுதிய ரசீது வாங்குங்கள். ரசீது இல்லாமல் பெட்டியை யாரிடமும் கொடுக்காதீர்கள். மாதங்கள் கழித்துப் பெட்டியைத் திருப்பித் தரவில்லை என்று போன் வரும், டெபாசிட்டும் நிற்கும். டெபாசிட் உங்கள் கணக்கில் ஏறும்வரை ரசீதின் போட்டோ போனில் இருக்கட்டும்.